‘மயக்க மருந்து ஒத்துக்கல’ன்னா என்ன அர்த்தம்?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடிச்சுட்டு வந்து கை கால் கழுவிக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுது. சென்னையில இருக்கிற என் தங்கச்சி மகள். எடுத்தா பேச்சே வரல, அழுகைதான் வருது. என்னமோ ஏதோன்னு எனக்குக் கை கால் ஓடல. கடைசியில, “மாமா, பப்லு செத்துட்டான் மாமா” என்றாள்.

பப்லு அவங்க வீட்டு நாய். பக் ஜாதி. மூஞ்சி சப்பையா, கண்ணு ரெண்டும் பிதுங்கி, நாலு எட்டு வச்சாலே கொர் கொர்னு மூச்சு விடுமே, அது. மூணு வயசு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சனிக்கிழமை காலையில கொண்டு போயிருக்காங்க. மத்தியானம் கார்ல திரும்பி வரும்போது மடியிலயே போயிருச்சு. திருப்பிக் கொண்டு ஓடினதுக்கு அந்த ஆஸ்பத்திரியில சொன்னது ஒரே வார்த்தை: “மயக்க மருந்து ஒத்துக்கல.”

இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். எங்க ஊருலயும் கேட்டிருக்கேன், டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுலயும் கேட்டிருக்கேன். நாய் செத்தவங்க அதோட வாயை மூடிக்கிட்டு வந்துடறாங்க. ஏதோ சாமி குத்தம் மாதிரி, ஜாதகத்துல இருந்த கண்டம் மாதிரி. எனக்கு அந்த வார்த்தை மேல தீராத கோபம். அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன்.

நான் டாக்டர் இல்ல. பத்தாவது வரைக்கும் படிச்சுட்டு மாட்டோடயும் மண்ணோடயும் கிடக்கிறவன். ஆனா மருந்து அடிக்கிறது எனக்குத் தெரியும். 4 வருஷத்துக்கு முன்னால மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்ச டேங்கைச் சரியா அலசாம அதுலயே தண்ணி ஊத்தி, பக்கத்துப் பிஞ்சையில உளுந்துக்குப் பூச்சி மருந்து அடிச்சுட்டேன். நாலாம் நாள் உளுந்து இலை ஓரம் பூரா கருகிப் போச்சு. மருந்துக் கடைக்காரர்கிட்ட ஒரு இலையைக் கொண்டு போய் நீட்டினேன். அவர் “உளுந்துக்கு ஒத்துக்கல அண்ணாச்சி”ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்கல. “டேங்குல அதுக்கு முன்னால என்ன இருந்துச்சு, எத்தனை மில்லி, எப்ப அடிச்சீங்க”ன்னு கேட்டார். நான் முழிச்ச முழியிலயே தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு குறுக்கம் உளுந்துக்கு இருக்கிற விசாரணை, வீட்டுல பிள்ளை மாதிரி வளர்த்த உயிருக்குக் கிடையாதா?

அதனால அவ அழுது ஓயட்டும்னு இருந்து, மறுநாள் நானே போன் போட்டு ஒவ்வொண்ணாக் கேட்டேன்.

“எடை போட்டாங்களா தாயி?”

“இல்ல மாமா. பத்துக் கிலோ இருப்பானான்னு கேட்டாங்க. இருப்பான்னு சொன்னோம்.”

“ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களா?”

“வேணுமான்னு கேட்டாங்க. அதுக்குத் தனியாப் பணம். பப்லு நல்லாத்தானே இருக்கான்னு இவர் வேண்டாம்னுட்டார்.”

“வெறும் வயித்தோட கொண்டு போனீங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னா. ராத்திரியில இருந்து ஒண்ணும் போடல. ஆனா காலையில பையன் பாவம்னு ரெண்டு பிஸ்கட் கொடுத்துட்டான். அதை டாக்டர்கிட்ட சொன்னா தேதியைத் தள்ளி வச்சுருவாங்கன்னு இவங்க சொல்லல.

“ஆபரேஷன் முடிஞ்சு எவ்வளவு நேரம் அங்க வச்சிருந்தாங்க?”

“அரை மணி நேரம் இருக்கும். கண்ணு தொறந்துதான் மாமா இருந்துச்சு. அதனால முழிச்சுட்டான்னு நெனச்சோம்.”

எனக்கு வயித்தைப் பிசைஞ்சது இந்த இடத்துலதான். கெட்டமைன்னு ஒரு மயக்க மருந்து இருக்கு. நம்ம நாட்டுல நாய்க்கு, பூனைக்கு அதிகமாப் போடுறது அதைத்தான். கூடவே சைலசின்னு ஒண்ணு. கெட்டமைன் போட்டா ஆள் நல்ல மயக்கத்துல இருக்கும்போதும் கண்ணு தொறந்தேதான் இருக்கும். அதைப் பார்த்து முழிச்சுட்டதா நினைக்கக் கூடாது. இதை அந்த ஆஸ்பத்திரியில ஒரு ஆள் ஒரு நிமிஷம் எடுத்துச் சொல்லியிருந்தா, இவங்க ஏசி கார்ல மடியில போட்டுத் தலையை வளைச்சுப் பிடிச்சுக்கிட்டு, செல்லம் தூங்குதுன்னு வந்திருக்க மாட்டாங்க.

சப்பை மூஞ்சி நாய்க்கு மூச்சுப் பாதையே குறுகல். அதோட மேலண்ணத்துச் சதை நீளமாத் தொங்கிக்கிட்டுத் தொண்டையை அடைச்ச மாதிரி இருக்கும். முழிச்சிருக்கும்போதே மூச்சுக்குப் போராடுற ஜாதி அது. மயக்கத்துல சதையெல்லாம் தளர்ந்தா நாக்கு பின்னால சரியும், அந்தச் சதையும் சரியும், பாதை அடைபட்டுப் போகும். அதனாலதான் விவரமான டாக்டர்கள் இந்த ஜாதிக்குத் தொண்டையில குழாய் போட்டுத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்க. நாய் தலையைத் தூக்கி, குழாயைத் தானே கடிச்சுத் துப்பப் பார்க்கிற வரைக்கும் அதை உருவ மாட்டாங்க. பப்லுவுக்குக் குழாய் போட்டாங்களான்னு இவங்களுக்குத் தெரியல. நாக்கு நீலமா இருந்துச்சான்னு கேட்டேன். “ஆமா மாமா, குளிர்ல அப்படி ஆயிருச்சுன்னு நெனச்சேன்” என்றாள்.

எடை தெரியாம ஊசி. ரத்தம் பார்க்கல. வயித்துல பிஸ்கட். அரை மணியில டிஸ்சார்ஜ். இதுல எது அவனைக் கொன்னதுன்னு நான் இங்க உக்காந்துக்கிட்டுச் சொல்ல முடியாது. ஆனா இத்தனையும் நடந்திருக்கும்போது மருந்து மேல பழி போட்டா எப்படி? மருந்து என்ன செய்யும்? கொடுத்த அளவுக்கு அது வேலை செஞ்சுச்சு.

எல்லாம் சரியாப் பண்ணியும் ஒண்ணு ரெண்டு போகும், அது எனக்குத் தெரியும். இங்கிலாந்துல 100-க்கு மேல கால்நடை ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து, ஏறக்குறைய 98,000 நாய்களுக்கு மயக்கம் கொடுத்ததைக் கணக்கெடுத்து 2008-ல வெளியிட்டிருக்காங்க. கால்நடைக் கல்லூரியில படிக்கிற எங்க ஊருப் பையன் ஒருத்தன் அதைப் போன்ல காட்டி விளக்கினான். ஆரோக்கியமான நாயா இருந்தா 2,000-க்கு ஒண்ணுங்கிற கணக்குலதான் செத்திருக்கு. ஏற்கெனவே நோய் உள்ள நாயா இருந்தா 75-க்கு ஒண்ணு. எவ்வளவு வித்தியாசம் பாருங்க. நாய் இதுல எந்தப் பக்கம்னு ஆபரேஷனுக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கத்தான் அந்த ரத்தப் பரிசோதனை. இன்னொண்ணும் அதுல இருக்கு. செத்த நாய்கள்ல பாதிக்குப் பக்கம் ஆபரேஷன் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் செத்திருக்கு. அதுலயும் பெரும்பாலானது முதல் 3 மணி நேரத்துக்குள்ள. அந்த 3 மணி நேரத்துலதான் நம்ம ஊருல பில்லைக் கையில கொடுத்து, “மெதுவா எழுந்திரிப்பான், கூட்டிட்டுப் போங்க”ன்னு அனுப்பி வைக்கிறாங்க.

இப்ப என் கதையைச் சொல்லணும். ஏன்னா நானும் யோக்கியன் இல்ல.

என்கிட்ட முன்னால கருப்பின்னு ஒரு பொட்டை நாய் இருந்துச்சு. 8 வருஷம் பிஞ்சைக்குக் காவல். பன்னி வந்தாலும் சரி, மான் வந்தாலும் சரி, அது போடுற சத்தத்துல நான் எழுந்திரிச்சுருவேன். ரெண்டு தடவை குட்டி போட்டுச்சு. ரெண்டாவது ஈத்துல 6 குட்டி, அதுல 4 பொட்டை. பொட்டைக் குட்டியை எங்க ஊருல யாரும் வாங்க மாட்டாங்க. நானே அந்த நாலையும் சாக்குல போட்டு, சந்தை நடக்கிற ஊருல கொண்டு போய் விட்டுட்டு வந்தேன். யாராவது எடுத்துக்குவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கிராமத்துல நாய் எல்லாம் சுதந்திரமா, இயற்கையா வாழுதுன்னு டவுன்ல இருந்து வர்றவங்க சொல்லும்போது அந்தச் சாக்கு எனக்கு ஞாபகம் வரும். வாயைத் திறக்க மாட்டேன்.

அதுக்கப்புறமாவது ஆபரேஷன் பண்ணியிருக்கணும். பண்ணல. காரணம் பயம். பக்கத்து ஊருல ஒருத்தர் நாய் இப்படி மயக்கத்துல போச்சு, ‘ஒத்துக்கல’ன்னுட்டாங்க. அந்த வார்த்தையைக் கேட்டுட்டு, நம்ம கருப்பிக்கும் ஒத்துக்காமப் போனா என்ன பண்றதுன்னு விட்டுட்டேன். 8-வது வயசுல ஒரு நாள் தண்ணியா குடிச்சுது. குடம் குடமாக் குடிச்சுது. சோறு இறங்கல, வயிறு உப்பிக்கிட்டு வந்துச்சு, பின்னால சீழ் மாதிரி வடிஞ்சுது. ஈட்டுக்கு நின்னு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். நான் வெயில் சூடுன்னு நெனச்சு மோர் ஊத்தினேன். அது கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிற நோய். ஆபரேஷன் பண்ணாத பொட்டை நாய்க்கு வயசான காலத்துல சகஜமா வர்றது. தூக்கிக்கிட்டு ஓடினப்போ, கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும், ஆனா மயக்கம் தாங்குற நிலைமையில இல்லன்னுட்டாங்க. மேஜைக்குப் போறதுக்கு முன்னாலயே போயிருச்சு. மயக்கத்துக்குப் பயந்து 2,000-க்கு ஒண்ணுங்கிற கணக்கை ஒதுக்கிட்டு, 75-க்கு ஒண்ணைவிட மோசமான இடத்துல கொண்டு போய் அதை நிறுத்தினவன் நான்.

இப்ப இருக்கிறது செவலை. சிப்பிப்பாறைக் கலப்பு. நெட்டையா, ஒட்டின வயிறு, விலா எலும்பு எண்ணலாம். இதுக்காவது காலத்துல பண்ணிரணும்னு எங்க ஊர்ப்பக்கம் இருக்கிற கால்நடை மருந்தகத்து டாக்டர்கிட்ட கேட்டேன். நல்ல மனுசன். ஒரு ஆள், எட்டுப் பத்து ஊருக்கு மாடு, ஆடு எல்லாம் பார்க்கணும். அவர் மழுப்பாமச் சொன்னார். “அண்ணாச்சி, அறுக்கிறது பெரிய விஷயம் இல்ல, நான் அறுத்துருவேன். அறுக்கும்போது மூச்சைப் பார்த்துக்கிட்டு இருக்க இங்க இன்னொரு ஆள் இல்ல. நாயை எடை போடத் தராசு இல்ல. ஆக்சிஜன் இல்ல. கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

தன்கிட்ட என்ன இல்லன்னு சொல்ற டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடணும். அன்னைக்கு நான் கும்பிடல. சோம்பேறித்தனம்னு திட்டிக்கிட்டே வந்தேன்.

சின்ன யானை வண்டி பிடிச்சுக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல்ல எடை. நான் 25 கிலோன்னு அடிச்சுச் சொன்னேன். உசரத்தை வச்சுச் சொன்னது. தராசு 17½ காட்டுச்சு. மருந்து கிலோ கணக்குல போடுறது. நான் சொன்னதை நம்பிப் போட்டிருந்தா 10 பங்கு போக வேண்டிய இடத்துல 14 பங்கு போயிருக்கும். டவுன்ல இருக்கிறவங்க இதுக்கு ஆஸ்பத்திரியைக்கூட நம்ப வேண்டியதில்ல. நாயைத் தூக்கிக்கிட்டுக் குளியலறை எடை மிஷின் மேல ஏறி நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க, கழிச்சுக்கோங்க. எங்க ஊருல பருத்தித் தாட்டு நிறுக்கிற தராசு இருக்கு. இப்ப எங்க தெருவுல யார் நாயை ஊசிக்குக் கொண்டு போனாலும் அதுல நிறுத்துட்டுத்தான் போகச் சொல்றேன். சிரிக்கத்தான் செய்யறாங்க.

அப்புறம் ரத்தம் எடுத்தாங்க. மத்தியானம் முடிவு வந்துச்சு. ரத்தத் தட்டணு 2 லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது, செவலைக்கு 62,000. உண்ணிக் காய்ச்சல். வெளியில ஒண்ணுமே தெரியல. நல்லா சாப்பிட்டுச்சு, முந்தின நாள்கூட முயல் விரட்டுச்சு. தட்டணு குறைஞ்சிருந்தா ரத்தம் உறையாது. அன்னைக்கு வயித்தைத் திறந்திருந்தா உள்ளுக்குள்ள கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும். நாய் ராத்திரி வீட்டுல செத்திருக்கும். நானும் ஊர்ல போய் ‘மயக்க மருந்து ஒத்துக்கல’ன்னு சொல்லியிருப்பேன்.

நம்ம தமிழ்நாட்டுல உண்ணி இல்லாத ஊர் எது? அபார்ட்மென்ட் நாய்க்கு மட்டும் என்ன விதிவிலக்கு? கீழ இறங்கிப் பூங்காவுல ஒரு சுத்து வந்தாப் போதும், உண்ணி ஒட்டிக்கிட்டு வந்துரும். இப்படிப்பட்ட ஊருல ரத்தம் பார்க்கிறதை, ஓட்டல்ல ‘சட்னி எக்ஸ்ட்ரா வேணுமா’ன்னு கேக்கிற மாதிரி கேக்கிறது என்ன முறை? வேணுமான்னு கேட்டா எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. எனக்கே அன்னைக்கு டாக்டர் ஒரு மாசம் மாத்திரை எழுதிக் கொடுத்து, முடிச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினப்போ கோபம் வந்துச்சு. வண்டி வாடகை 2,000 ரூபாய் தண்டம், ஒரு நாள் வேலை கெட்டுச்சுன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தேன்.

ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்த்து, சரியானப்புறம்தான் தேதி கொடுத்தாங்க. “ஈட்டுல இருக்கும்போது கொண்டு வராதீங்க, ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும், ரெண்டு மூணு மாசம் தள்ளிக் கொண்டு வாங்க”ன்னு அதையும் கேட்டுக்கிட்டாங்க. முந்தின ராத்திரிச் சோத்தோட நிறுத்தினோம், தண்ணி மட்டும் விடியற வரைக்கும். வீட்டுல அவளுக்கு மனசு கேக்கல. “ஒரு வாய் பால் ஊத்துனா என்னங்க”ன்னு ரெண்டு தடவை கேட்டா. மயக்கத்துல இரைப்பையில இருக்கிறது மேல வந்து மூச்சுக் குழாய்க்குள்ள இறங்கும். சைலசின் போட்ட நாய் பல நேரம் போட்ட உடனே வாந்தியே எடுக்கும். நுரையீரலுக்குள்ள பால் போனா என்ன ஆகும்னு சொன்னப்புறம்தான் சட்டியை மூடி வச்சா. குழந்தைக்கு ஆபரேஷன்னா பச்சைத் தண்ணி கொடுக்காம இருக்கத் தெரியுது. நாய்ன்னா மட்டும் நம்ம இரக்கம் பிஸ்கட் பாக்கெட்டோட வந்து நிக்குது.

இந்த ஒட்டின வயித்து வேட்டை நாய்களைப் பத்தி அந்தப் பையன் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதுசு. தயோபென்டோன்னு ஒரு பழைய மயக்க மருந்து. அது ரத்தத்துல இருந்து சதைக்கும் கொழுப்புக்கும் பிரிஞ்சு போறதாலதான் நாய் முழிக்குதாம். மேல்நாட்டு கிரேஹவுண்டு மாதிரி ஒல்லி ஜாதிக்கு உடம்புல கொழுப்பு கிடையாது. கல்லீரலும் அந்த மருந்தை மெதுவாத்தான் கரைக்குமாம். மத்த நாய் எழுந்திரிச்ச பிறகும் இது வெகு நேரம் கிடக்குமாம். நம்ம சிப்பிப்பாறையும் அதே உடல்வாகுதானே, அதனால அந்த மருந்து பக்கமே போகாம வேற போட்டாங்க. மாட்டுக்கு வேற மாதிரி. சைலசின் கிலோவுக்கு நாய்க்குப் போடுறதுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு போட்டாலே மாடு சாஞ்சுரும். அதே மருந்து பாட்டில்லயும் மில்லிக்கு 20 மில்லிகிராம்னு ஒண்ணு, 100 மில்லிகிராம்னு ஒண்ணு வருது. அவசரத்துல பாட்டில் மாறினா அஞ்சு மடங்கு. இத்தனை கணக்கு இதுக்குள்ள இருக்கு. இதையெல்லாம் ‘ஒத்துக்கல’ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள போட்டு மூடறாங்க.

ஆபரேஷன் அன்னைக்குக் கண்ணாடி வழியாப் பார்க்க விட்டாங்க. முன்கால்ல ஊசிக்குழாய் குத்தி, மயக்கம் கொடுத்த உடனே தொண்டையில குழாய். நாக்குல ஒரு கிளிப். அது என்னன்னு கேட்டா, கொரோனா காலத்துல நீங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு வாங்கி விரல்ல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, அதேதான். ஆக்சிஜனையும் நாடித் துடிப்பையும் காட்டும். ஒரு பொண்ணு, மாணவிதான், செவலை தலைமாட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு வேற எதையுமே பார்க்கல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சீட்டுல எழுதிக்கிட்டே இருந்துச்சு. மனுஷனுக்கு ஆபரேஷன்னா மயக்கத்துக்குன்னே தனி டாக்டர் உண்டு. நாய்க்கு அப்படித் தனி டாக்டர் கேட்டா அடிக்க வருவீங்க. ஆனா மூச்சை மட்டும் பார்க்க ஒரு ஆளாவது வேணும். அறுக்கிற ஆளே கால் பிடிக்கிற பையனைத் திட்டிக்கிட்டு, நடுவுல போன் பேசிக்கிட்டு, நாய் மூச்சையும் பார்க்கிறேன்னா எனக்கு நம்பிக்கை இல்ல.

முடிஞ்சு வெளிய கொண்டு வந்து போர்வை சுத்தி, ரெண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில சுத்தி வச்சாங்க. மயக்கத்துல உடம்பு சில்லுனு ஆயிரும், அப்படி ஆனா முழிக்கிறது தள்ளிப் போகும். வெப்பமானி வச்சு வச்சுப் பார்த்தாங்க. மத்தியானம் 12 மணிக்கு முடிஞ்ச ஆபரேஷன், 4 மணிக்குத்தான் எங்களை விட்டாங்க. அதுவும் செவலை தானா எழுந்து நின்னு, தள்ளாடி நடந்து, என் கையை மோந்து பார்த்ததுக்கு அப்புறம். நான் மணி பார்த்துக்கிட்டே இருந்தேன், பால் கறக்க நேரமாச்சேன்னு. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

டவுன்காரங்களே, உங்களைத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாய்க்குப் பிறந்த நாள்னு கேக் வெட்டுறீங்க, படம் அனுப்புறீங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, உங்க காசு. ஆனா ஆபரேஷன்னா மட்டும் நாலு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எங்க 1,000 ரூபாய் கம்மின்னு பார்க்கிறது ஏன்? கம்மியாச் சொல்ற இடத்துல எதைக் குறைச்சிருப்பாங்கன்னு யோசிச்சீங்களா? தையல் நூலைக் குறைக்க முடியாது, அது இல்லாம மூட முடியாது. குறைக்க முடிஞ்சது ரத்தப் பரிசோதனையும், தலைமாட்டுல உக்காருற அந்த ஆளும், சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பார்க்கிற இடமும்தான். நீங்க பேரம் பேசினது அந்த மூணையும்தான்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சனம் பேரம் பேசுது, என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பேரத்துக்குப் படியாதீங்க. என்கிட்ட ஆள் இல்ல, வேற இடம் போன்னு எங்க ஊர் மருந்தகத்து டாக்டர் சொல்லலையா? அவர் வாங்குறது அரசாங்கச் சம்பளம், வந்தவன் போனா நஷ்டமில்லன்னு சொல்லலாம். சரி, நஷ்டம் வரட்டும். ஆபரேஷனுக்கு முன்னால ‘உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல’ன்னு ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கத் தெரியுது. அதே மாதிரி ஒரு காகிதத்துல எடை எத்தனை, எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, முழிச்சது எப்போன்னு எழுதி எங்க கையில கொடுங்க. எனக்குக் கொடுத்தாங்க. ஒரு பக்கம்தான். செவலைக்கு நாளைக்கு வேற ஆபரேஷன்னா, எது எவ்வளவு போட்டா எப்படி முழிச்சுதுன்னு அடுத்த டாக்டருக்குத் தெரியும். உரக்கடையில யூரியா வாங்கினாக்கூட ரசீது கொடுக்கிறாங்க.

இன்னொண்ணு, மறந்துடப் போறேன். ஆபரேஷன் ஆன ராத்திரி வலியில முனகுதேன்னு வீட்டுல இருக்கிற உங்க வலி மாத்திரையை உடைச்சுக் கொடுத்துறாதீங்க. நமக்கு ஒத்துக்கிற பல மாத்திரை நாய்க்குக் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்கு என்ன கொடுக்கிறதுன்னு கிளம்பும்போதே கேட்டு வாங்கிக்கோங்க. சொல்லலைன்னா நகராதீங்க.

தங்கச்சி மகள்கிட்ட இதெல்லாம் ஒரே நாள்ல சொல்லல. செத்த வீட்டுல போய், நீ பிஸ்கட் கொடுத்த, நீ ரத்தம் பார்க்க வேண்டாம்ன, நீ நாக்கு நீலமானதைப் பார்த்துட்டும் சும்மா இருந்தன்னு அடுக்க முடியுமா? அதுவும் அந்தப் பையனுக்கு 9 வயசு. அவன் காதுல அந்தப் பிஸ்கட் விஷயம் விழவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பத்து நாள் கழிச்சு அவளே போன் போட்டா. “மாமா, அந்த எடை, மருந்து எல்லாம் எழுதித் தரச் சொல்லிக் கேக்கலாமா, கேட்டா தப்பா நினைப்பாங்களா?” என்றாள். நினைச்சா நினைக்கட்டும், போய்க் கேளுன்னு சொன்னேன்.

போனா. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, டாக்டர் இல்ல, அப்புறம் வாங்கன்னு சொல்லிருச்சு. ரெண்டாம் தடவை போனப்போ, அதெல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் இல்லன்னாங்களாம். மறுபடி வர்ற சனிக்கிழமை போறா. இந்தத் தடவை மாப்பிள்ளையும் கூடப் போறார்.